சிப்ட்டு நைனா என்னைக் குஜராத்துக்கு அனுப்பப் பார்த்த கதை

வட சென்னை இதுவரை கண்ட உளவாளிகளிலேயே பெரிய உளவாளி எங்கள் கம்பெனியின் கம்ப்ரஸர் ரூமில்தான் வேலை பார்த்தார் என்று நான் இரண்டு மாதம் மனதார நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. அந்த நம்பிக்கையின் பேரில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன், போனில் இந்தி படித்தேன், கல் மாதிரி இருந்த மனைவியைப் படுத்த படுக்கையாக்கினேன். இந்த மூன்றில் எது பெரிய முட்டாள்தனம் என்று எங்கள் வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது. இப்போதைக்கு ஸ்வெட்டர்தான் முன்னால் நிற்கிறது.

அவர் பெயர் கம்பெனி ரிக்கார்டில் ஏதோ அந்தோணி என்று தொடங்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எண்ணூர் பக்கம் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரைக்கும் அவர் சிப்ட்டு நைனாதான். ராயபுரத்துக்காரர். ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு, இடது கையில் டயல் கறுத்துப் போன ஒரு வாட்ச். நடக்கும்போது அந்த வாட்ச்தான் அவரை இழுத்துக்கொண்டு போவது போல இருக்கும்.

பட்டப் பெயருக்குக் காரணம் அவருடைய ஒற்றை வார்த்தை அகராதி. உலகத்தில் எது இடம் மாறினாலும், நேரம் மாறினாலும், நிறம் மாறினாலும் அவருக்கு அது 'சிப்ட்டு'. ஆறு மணி வேலை, இரண்டு மணி வேலையெல்லாம் ஷிப்ட் என்பது எல்லாருக்கும் தெரியும். வீடு மாறுவதும் ஷிப்ட், சரி. இவர் அதோடு விடமாட்டார். மகளுக்குக் குழந்தை பிறந்த அன்று கேன்டீனில் மிட்டாய் கொடுத்தார். "பொட்டப்புள்ள. லேபர் வார்டுலேர்ந்து ரூமுக்கு சிப்ட் பண்ட்டாங்க. இனிமே பேஜார் இல்ல." கோயில் ஃபாதரை எம்.கே.பி. நகருக்கு மாற்றியபோது, "நம்ம ஃபாதரை சிப்ட் பண்ட்டாங்கப்பா. பூசைய கொஞ்சம் நீட்டுவாரு, ஆனா நல்ல மன்சன்." காலையில் மூக்கை உயர்த்தி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "காத்து சிப்ட் ஆயிருச்சு. இன்னிக்கு நாத்தம் நமக்கு இல்ல, கடலுக்கு." தலைக்கு மை அடித்துக்கொண்டு வந்த சூப்பர்வைசரைப் பார்த்து, "இன்னா சார், மண்ட சிப்ட் ஆயி கீது."

எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் என்னோடு மூட்டை தைத்த தனசேகர் எண்ணூர்க் குப்பத்து ஆள். அண்ணன் தம்பியெல்லாம் கடலுக்குப் போக, இவன் மட்டும் "எனக்கு அலை ஒத்துக்காது" என்று சொல்லிக் கம்பெனிக்கு வந்தவன். அவன் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நைனா அந்த வார்த்தையை எத்தனை தடவை சொல்கிறார் என்று தட்டு ஓரத்தில் பட்டாணியாக அடுக்கி எண்ணினான். ரசம் ஊற்றுவதற்குள் பட்டாணி தீர்ந்துவிட்டது.

"ஏன் நைனா, வேற வார்த்தையே கெடைக்கலியா உனக்கு?" என்று கேட்டான்.

"எங்கப்பா ஹார்பர்ல வின்ச் ஓட்டினாரு," என்றார் நைனா. "கப்பல்ல ஏத்தின சரக்கு ஒரு அடி சிப்ட் ஆச்சுன்னா கப்பலே சாஞ்சிரும்னு சொல்வாரு. இங்கிலீஷ்காரன் மாறுறதுக்கு ஆயிரம் வார்த்த வச்சிகினு கீறான். எங்கப்பாருக்கு இந்த ஒண்ணு போதுமா இருந்துச்சு. எனக்கும் போதும். நீ பட்டாணிய துன்னு."

இதெல்லாம் வேடிக்கையாக இருந்த காலம். வேடிக்கை நின்றது அந்தச் செய்தி வந்த பிறகு.

எங்கள் கம்பெனியில் தயாரிப்பது ஒரு வெள்ளைப் பவுடர். அது எதற்குப் பயன்படுகிறது என்று பதினெட்டு வருஷமாக எனக்குச் சரியாகத் தெரியாது. கேட்டால் "எல்லாத்துக்கும்தான்" என்பார்கள். அதை மூட்டையில் அடைப்பது எங்கள் செக்‌ஷன் வேலை. அந்த பேக்கிங் செக்‌ஷனை அப்படியே தூக்கிக் குஜராத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம், இயந்திரத்தோடு பன்னிரண்டு ஆட்களும் போகவேண்டுமாம், யார் அந்தப் பன்னிரண்டு பேர் என்று எச்.ஆரில் லிஸ்ட் தயாராகிறதாம். தனசேகர்தான் இதைக் கொண்டுவந்தான். செக்‌ஷனில் நாங்கள் இருபத்தாறு பேர்.

எனக்குத் திருவொற்றியூரில் இரண்டு அறையில் சொந்த வீடு. என் மனைவி செல்வி அதே தெருவில் பிளவுஸ் தைக்கிறாள். பிள்ளை பிளஸ் டூ. இதை விட்டுவிட்டுக் குஜராத்துக்குப் போய் நான் மட்டும் ஒரு பவுடருக்கு மூட்டை தைப்பதா? போகாவிட்டால் வேலை போய்விடும் என்றான் தனசேகர். நாற்பத்தேழு வயதில் யார் எனக்கு வேலை தருவார்கள்? அன்று மதியச் சாப்பாட்டில் பாதியை நான் அப்படியே வைத்துவிட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு விஷயம் எவ்வளவு பெரியது என்று இதிலேயே புரிந்திருக்கும்.

அந்த வாரம்தான் சிப்ட்டு நைனா நோட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்தார்.

முதலில் தனசேகரிடம் வந்தார். "நீ எப்டிபா வர்ற? பஸ்ஸா, வண்டியா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்து என்னிடம். "உன் வூடு எங்க? டோல்கேட் தாண்டியா, இந்தாண்டையா? காத்தால எத்தினி மணிக்கு எந்திரிப்பே? சொந்த வூடா, வாடகையா? பக்கத்துல ஆஸ்பத்திரி கீதா?"

"எதுக்கு நைனா?"

"சொம்மா."

வட சென்னையில் எந்த மனிதனும் சும்மா ஒரு கேள்வி கேட்கமாட்டான் என்பது நான் பிறந்ததிலிருந்து அறிந்த உண்மை. கேள்விகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். பஸ் எதற்கு? எவன் சொந்த ஊரோடு ஒட்டியிருக்கிறான் என்று தெரிந்துகொள்ள. வீடு எதற்கு? வாடகை வீட்டுக்காரனைக் கிளப்புவது சுலபம். ஆஸ்பத்திரி? நோயாளியை அனுப்ப முடியாது. எழுந்திருக்கும் நேரம் மட்டும் எதிலும் ஒட்டவில்லை. அது குஜராத்தில் சூரியன் எப்போது உதிக்கும் என்பதோடு சம்பந்தப்பட்டிருக்கலாம் என்று வைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒன்று பார்த்தேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் நைனா நோட்டோடு எச்.ஆர். ரூமுக்குள் போகிறார். பதினைந்து நிமிஷம். கதவு சாத்தியிருக்கிறது. வெளியே வரும்போது வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறார்.

"டீ கொடுக்கறானுங்க," என்றான் தனசேகர். "எச்.ஆர்.ல நமக்கு எவனாவது தண்ணி கொடுத்திருக்கானா?"

"லிஸ்ட் போடறது நைனாதான்," என்றேன்.

"பின்ன? வேற யாருக்கு இந்தக் கம்பெனில சிப்ட் பண்றதப் பத்தி இவ்ளோ தெரியும்?" என்றான் தனசேகர். அந்த நேரத்தில் அது எனக்கு அசைக்க முடியாத வாதமாகத் தெரிந்தது.

எதிரியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு நாள் காலை வேலை முடிந்து மதியம் கிளம்பியபோது நைனா ஏறிய பஸ்ஸிலேயே பின் வாசலில் ஏறினேன். டோல்கேட்டில் இறங்கினார். நானும் இறங்கினேன். நேராக ஒரு வாட்ச் ரிப்பேர் கடைக்குப் போனார். கையில் கட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். கடைக்காரர் அதைத் திறந்து பார்க்க, இவர் கடையில் தொங்கிய கடிகாரங்களையெல்லாம் ஒன்று ஒன்றாக முறைத்துக்கொண்டு நின்றார். அந்த வாட்சுக்குள் கேமரா இருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு அப்போதுதான் வந்தது. எதிர்ச் சாரியில் ஓர் இளநீர் வண்டிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்தேன்.

கால் மணி நேரம் கழித்து நைனா ரோட்டைக் கடந்து வந்தார். வண்டிக்காரரிடம், "ரெண்டு வெட்டுப்பா," என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "வயுக்கையா, தண்ணியா?" என்று கேட்டார்.

தண்ணி என்றேன். குடித்தேன். இளநீர் வாங்கிக் கொடுத்து மனிதனின் கணக்கைத் தீர்ப்பது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே குடித்தேன். நல்ல இளநீர்.

பின்தொடர்வது எனக்கு வரவில்லை. அதனால் கண்காணிப்பது என்று திட்டத்தை மாற்றினேன். எனக்கும் நைனாவுக்கும் ஒரே சுற்றுதான். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. ஆனால் எங்கள் செக்‌ஷன் பழக்கம் வேறு, அவர் பழக்கம் வேறு. இரண்டு மணி வேலைக்கு நாங்கள் இரண்டு பத்துக்கு வருவோம். மூட்டை எங்கும் ஓடிவிடாது. கம்ப்ரஸர் அப்படி இல்லை. அதை ஆள் இல்லாமல் விடக்கூடாது. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து, அளவுமானிகளைப் பார்த்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, "நீ போ" என்று சொன்ன பிறகுதான் இருப்பவன் நகரலாம். வரவில்லையென்றால் இருக்கவேண்டியதுதான். அதற்காக முக்கால் மணி முன்னாலேயே வருவார் நைனா. இவர் யாரை விடுவிக்கிறாரோ அந்த ஆள் அரை மணி முன்னதாகவே குளித்துத் தலை சீவி கேட்டில் நிற்பான். இவரை விடுவிக்க வருபவன் மட்டும் பெரும்பாலும் தாமதமாகத்தான் வருவான். நைனா ஒன்றும் சொல்லமாட்டார். வாட்சைப் பார்ப்பார், நோட்டில் எழுதுவார்.

நான் அவருக்கும் முன்னதாகவே போய் உட்கார ஆரம்பித்தேன். கம்ப்ரஸர் ரூம் வாசலில் ஒரு சிமென்ட் பெஞ்ச் உண்டு. அதில் பேப்பரை விரித்துக்கொண்டு, அதன் மேல் விளிம்பு வழியாக அவர் யாரோடு பேசுகிறார், என்ன எழுதுகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். மழையானாலும் போனேன். காய்ச்சலோடு ஒரு நாள் போனேன். முகத்தைக் காட்டி வருகைப் பதிவு செய்யும் மெஷின் முதல் இரண்டு நாள் என்னை யாரென்று தெரியாமல் திருப்பி அனுப்பியது. அந்த நேரத்தில் அது என்னைப் பார்த்ததே இல்லை.

வீட்டில் வேறு தலைவலி தொடங்கியது. ரெண்டு மணி வேலைக்குப் பன்னிரண்டரைக்கே சட்டை மாட்டுபவனைப் பார்த்து எந்தப் பெண்டாட்டி சும்மா இருப்பாள்?

"இன்னாயா, பதினெட்டு வருசமா இல்லாத சுறுசுறுப்பு?" என்றாள் செல்வி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

"வேல கீது."

"வேலைக்கா பவுடர் போட்டுகினு போற? பேர் இன்னா அவளுக்கு?"

"சிப்ட்டு நைனா," என்றேன். அவள் அதை நம்பவில்லை. அன்றிலிருந்து நான் நைனாவைச் சந்தேகப்பட, அவள் என்னைச் சந்தேகப்பட, தெருவில் பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள்.

நோயாளி உள்ள வீட்டு ஆளை அனுப்பமாட்டார்கள் என்ற யோசனை அதற்குள் எனக்குள் வேர் விட்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு நாள், நைனா காதில் விழும்படி பெருமூச்சு விட்டேன்.

"இன்னா மாமு?"

"வூட்ல முடியல நைனா. இடுப்புக்குக் கீழ வரல. எந்திரிக்கவே முடியல. ஒரு சொம்பு தண்ணி கூட நான்தான் குடுக்கணும்."

நைனா முகம் சட்டென்று மாறியது. எதுவும் கேட்கவில்லை. நோட்டை எடுத்து என் பெயருக்கு எதிரே எதையோ எழுதினார். வேலை முடிந்தது என்று எனக்குள் ஒரு குதி குதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு, கையில் பிரெட்டும் ஆப்பிளும் ஒரு சிறிய ஜெபப் படமுமாக நைனா எங்கள் தெருவுக்குள் வந்தார். நான் வாசலில்தான் நின்றேன். ஓட இடமில்லை. அந்த நேரம் பார்த்துத் தண்ணி லாரி வந்திருந்தது. என் மனைவி இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம் வைத்துக்கொண்டு, குறுக்கே நின்ற ஆட்டோவைக் காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

"யார்ப்பா அது, உன் தங்கச்சியா?" என்றார் நைனா.

நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்கதான் சிப்ட்டு நைனாவா?" என்றாள் செல்வி. குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் முகத்தில் இரண்டு மாத பாரம் இறங்கியது தெரிந்தது. "உள்ள வாங்க. இவரு சொன்னப்ப நான் நம்பல. பொம்பளன்னு நெனச்சேன்."

நைனா பிரெட்டை என்னிடமும் ஆப்பிளை அவளிடமும் கொடுத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. உட்கார்ந்து கறிக் குழம்பு சாப்பிட்டார். சாப்பிடும்போது செல்வியிடம் மட்டும் பேசினார். இவன் எத்தனை மணிக்கு எழுந்திருப்பான்? கிளம்பும்போது எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வருவானா? உடம்பு சரியில்லையென்றால் லீவு போடுவானா? அவள் உள்ளது உள்ளபடி, கொஞ்சம் அதிகமாகவே சொன்னாள். "காய்ச்சல்ல கூட போறாரு. போவாதன்னா கேக்கறதில்ல." நைனா தலையாட்டிக்கொண்டார். போகும்போது என் தோளைத் தட்டி, "உன் வூட்ல சீக்கிரம் குணமாயிட்டாங்க, சந்தோசம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முழுக்க நான் பிரெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லி மாட்டியவனைத்தான் முதலில் அனுப்புவார்கள்.

அடுத்த நாளே அதற்கு ஆதாரமும் கிடைத்தது. நைனா கை கழுவப் போனபோது நோட்டு ரிஜிஸ்டர் மேல் திறந்து கிடந்தது. வேட்டையாடும் பூனை மாதிரி நாலு எட்டில் போய்ப் பார்த்தேன். பெயர்கள். எதிரே எண்கள். தனசேகர், மைனஸ் 15. கம்ப்ரஸரில் அவரை விடுவிக்க வருபவன், மைனஸ் 25. இன்னும் ஏழெட்டுப் பேர், எல்லாருக்கும் மைனஸ். கடைசியில் என் பெயர். பிளஸ் 50. கீழே இரண்டு கோடு.

எழுதியிருந்தவர்களில் நான்தான் முதல் மார்க். பள்ளிக்கூடத்தில் எந்தக் காலத்திலும் எனக்குக் கிடைக்காத இடம்.

அன்று மாலை டோல்கேட் பக்கம் ஒரு துணிக் கடையில் ஸ்வெட்டர் கேட்டேன். எந்த ஊருக்கு என்றார் கடைக்காரர். குஜராத் என்றேன். "அங்க இங்கயவிட வெயில் சார்," என்றார். ஆனாலும் எடுத்த ஸ்வெட்டரைக் கீழே வைக்கவில்லை. எனக்கும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ராத்திரி சாப்பிடும்போது போனில் இந்தி படித்தேன். 'மேரா நாம்' வரைக்கும் வந்துவிட்டேன். அதற்கு மேல் போகாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தையல் மெஷினில் கைவைத்தபடி, "புள்ள பரீச்ச முடிஞ்சதும் எல்லாரும் போலாம்," என்றாள். "அங்க மட்டும் பொம்பளைங்க பிளவுஸ் போடாமலா கீறாங்க."

வியாழக்கிழமை எச்.ஆரிலிருந்து எனக்கு ஆள் வந்தது.

உள்ளே போனால் எச்.ஆர். அதிகாரி, எதிரே டீ குடித்துக்கொண்டு நைனா. மேஜையில் ஒரு தாள். நான் உட்காரவில்லை. ராத்திரியெல்லாம் தயார் செய்த பேச்சை ஒரே மூச்சில் பேசினேன். பதினெட்டு வருஷ உழைப்பு, சொந்த வீடு, பிளஸ் டூ பிள்ளை, பிளவுஸ், எனக்குச் சப்பாத்தி ஒத்துக்கொள்ளாத விவரம் எல்லாம் சொன்னேன். கடைசியாக நைனா பக்கம் திரும்பி, "உனக்கு நான் இன்னா நைனா கெட்டது பண்ணேன்? கூட வேல செய்றவன மார்க் போட்டு நாடு கடத்தறியே, உனக்கு மனசு கீதா?" என்றேன். 

அதிகாரி நைனாவைப் பார்த்தார். நைனா டீயைப் பார்த்தார்.

"குஜராத்துக்குப் போறதுக்கு விருப்பப்பட்டவங்க மட்டும் கையெழுத்துப் போடணும்," என்றார் அதிகாரி. "நேத்து வரைக்கும் ஒன்பது பேர் போட்டிருக்காங்க. உங்க தனசேகர்தான் முதல் கையெழுத்து."

தனசேகரா என்றேன். தனசேகர்தான். அங்கேயும் கடல் இருக்கிறது, ஆனால் யாரும் தன்னைக் கடலுக்குப் போகச் சொல்லமாட்டார்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான்.

"இங்க மிச்சம் கீறவங்கள வேற செக்‌ஷனுக்கு சிப்ட் பண்றாங்க," என்றார் நைனா. "குந்து மொதல்ல."

உட்கார்ந்தேன். தாளைப் படித்தேன். என்னை பேக்கிங்கிலிருந்து கம்ப்ரஸர் ரூமுக்கு மாற்றிய உத்தரவு அது. அடுத்த மாதம் நைனா ரிட்டயர் ஆகிறார். அவர் இடத்துக்கு ஆள் நானாம். யாரைப் போடலாம் என்று சொல்லும்படி கம்பெனி அவரிடமே கேட்டிருக்கிறது. அதற்குத்தான் வியாழக்கிழமை, டீ, நோட்டு எல்லாம்.

"அந்த நம்பர்?" என்றேன்.

"எத்தினி நிமிசம் முன்னாடி வர்றாங்க, எத்தினி நிமிசம் பின்னாடி வர்றாங்கன்னு போட்டேன்." நோட்டைத் தட்டினார். "ரெண்டு மாசம் பாத்தேன். எல்லாம் மைனஸு. எனக்கு முன்னாடி வந்து குந்திகினு இருந்தவன் நீ ஒருத்தன்தான். மழையிலயும் வந்தே. காய்ச்சல்லயும் வந்தேன்னு உன் வூட்ல சொன்னாங்க."

எனக்குப் பொய்யே சொல்ல முடியாமல் போன சில நிமிஷங்கள் வாழ்க்கையில் உண்டு. அதில் இது ஒன்று. "நைனா, நான் உன்ன நோட்டம் வுடத்தான் வந்தேன்," என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"எதுக்கு வந்தா இன்னா? வந்தே இல்ல," என்றார்.

அதிகாரி ஏதோ போன் பேச வெளியே போனார். நைனா டீக் கிளாஸைக் கீழே வைத்தார். வாட்சைக் கழற்றி, துடைத்து, திரும்பக் கட்டிக்கொண்டார்.  அவராகத்தான் சொன்னார்.

"ஆறு வருசம் ஆச்சு. மிஸ்ஸஸை ஸ்டான்லி ஆஸ்பத்திரில சேத்திருந்தோம். காத்தால சிப்ட்டு எனக்கு. ஒன்றரைக்குப் பொண்ணு போன் பண்ணுச்சு, அம்மாவ ஐ.சி.யு.வுக்கு சிப்ட் பண்றாங்கப்பா, வான்னு. ரெண்டு மணிக்கு என் ரிலீவர் வரணும். மெஷின வுட்டுட்டுப் போவ முடியுமா? வந்தது மூணே காலு. சாப்டு கொஞ்சம் கண்ணு அசந்துட்டானாம். நல்ல பையன்தான் அவன். நான் போறதுக்குள்ள அங்கேர்ந்தும் சிப்ட் பண்ட்டாங்க."

எங்கே என்று நான் கேட்கவில்லை. அவர் வாயில் பல்லாயிரம் தடவை கேட்டுச் சிரித்த வார்த்தை அது. இது தெரிந்திருந்தால் அன்று பட்டாணி வைத்து எண்ண எங்களுக்குத் தோன்றியிருக்காது.

"அதான் பாத்துப் பாத்து போட்டேன்," என்றார். "நாளைக்கு உன்னாண்ட மெஷின வுட்டுட்டுப் போறவனுக்கும் வூட்ல யாராச்சும் இருப்பாங்க இல்ல."

ஒரு மாதம் அவரிடம் வேலை கற்றுக்கொண்டேன். எந்த அளவுமானி பொய் சொல்லும், எந்தச் சத்தம் வந்தால் மெஷினைப் பார்க்கவேண்டும், எந்தச் சத்தம் வந்தால் சூப்பர்வைசரைப் பார்க்கவேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார். கடைசி நாள் அவரை விடுவிக்க என்னையே போட்டார்கள்; அவருக்குக் காலை ஷிப்ட், எனக்கு மதியம். ஒன்றேகாலுக்குப் போனேன். அளவுமானிகளைப் பார்த்தேன், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். "நீ போ நைனா," என்றேன். முப்பத்து நாலு வருஷத்தில் அவரை நேரத்துக்கு முன்னால் அனுப்பிய முதல் ஆள் நானாம். முக்கால் மணி நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, இரண்டு மணி சங்கு ஊதிய பிறகுதான் கேட்டைத் தாண்டினார்.

நடந்தது இவ்வளவுதான். ரிட்டயர் ஆகப்போகிற ஒரு மனிதர், நேரத்துக்கு வருகிற ஒரு ஆளைத் தேடினார். பயத்தில் சீக்கிரம் வந்துகொண்டிருந்த நான் அகப்பட்டேன்.

எனக்கு மதிய வேலை இருக்கிற வாரமெல்லாம் ராயபுரத்திலிருந்து சரியாக ஒன்றேகாலுக்கு ஒரு போன் வரும். "வந்துட்டியா மாமு?" என்பார். வந்துட்டேன் நைனா என்பேன். சில நாள் திருவொற்றியூர் நெரிசலில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டேதான் அதைச் சொல்கிறேன். சுற்றிலும் ஹாரன் கத்துவது அவர் காதில் விழாமலா இருக்கும்? "சரி, பாத்துக்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.